கட்டியாயிற்று, நடத்துவது எப்படி? – தொழிற்சாலைக் கழிவுநீர் நிலையங்களின் பராமரிப்பும் மேம்பாடும்

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பின்னலாடை ஏற்றுமதியை நம்பியிருந்த நகரம், சாயமேற்றுவதற்காகத் துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அனுப்பத் தொடங்கியது. அந்த நாட்களைப் பற்றிப் பேசும் பலர், சுத்திகரிப்பு நிலையம் இல்லாததால்தான் பட்டறைகள் மூடப்பட்டன என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலையங்கள் இருந்தன. 1990-களின் பிற்பகுதியிலேயே, வழக்குகளின் நெருக்கடியில், பட்டறைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, அந்த நிலையங்களில் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) மெம்பிரேன்களும், நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர்களும் வந்து சேர்ந்தன. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவை உறுதி செய்து மூன்று மாத அவகாசம் கொடுத்தது. பல கோடி ரூபாய் செலவாகியிருந்தது. ஆனால் வாங்கி வைத்த இயந்திரங்கள், காகிதத்தில் எழுதியிருந்த அளவில், நாள் தவறாமல் ஓடவில்லை. நொய்யல் ஆறும் அதன் குறுக்கே 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையும் அதற்கு விலை கொடுத்தன. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

தொழிற்சாலை நீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் எந்தத் தொழில்நுட்பம், எத்தனை கோடி, எத்தனை லட்சம் லிட்டர் கொள்ளளவு என்றுதான் பேசுகிறோம். வாங்கிய இயந்திரத்தைப் பத்து வருடம் ஓட வைப்பது எப்படி, எந்தக் கட்டத்தில் எதை மாற்றுவது என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்படுகின்றன. என் பார்வையில் திருப்பூர் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடமே இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது. அந்த ஊரை மையமாக வைத்தே இதைப் பார்க்கலாம்.

கடைசிப் பத்து சதவீதம்

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயக் கரைசல் ஒரு லிட்டருக்கு 50 கிராம் அளவில் உப்பு போடுவது சாதாரணம். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு இன்னும் கூடும். துணி அந்த உப்பை எடுத்துக்கொள்வதில்லை. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரில் வந்துவிடும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் குறையும், பாக்டீரியாத் தொட்டியில் விட்டால் கரிமப் பொருள் குறையும். உப்பு மட்டும் அசையாது. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாயக்கழிவில் அது பல மடங்கு. ஆகவே ஆர்.ஓ. தவிர்க்க முடியாததாயிற்று.

ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. நூறு லிட்டர் உள்ளே போனால் எண்பத்தைந்து, தொண்ணூறு லிட்டர் நல்ல நீராகத் திரும்பும். மீதி, உப்பு செறிந்த ரிஜெக்ட். இந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து சதவீதத்தை என்ன செய்வது என்பதில்தான் முழு நிலையத்தின் தலையெழுத்தும் இருந்தது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஆயிரம் லிட்டரை நேரடியாக ஆவியாக்கினால் 600 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் செலவாகும். அதே ஆயிரம் லிட்டரை ஆர்.ஓ.வில் தள்ளச் சில யூனிட்களே போதும். ஒரே நீராவியை அடுத்தடுத்த கலன்களில் மறுபடி மறுபடி பயன்படுத்தும் பல அடுக்கு எவாப்பரேட்டர்களும், ஆவியையே அழுத்திச் சூடேற்றித் திருப்பி அனுப்பும் எந்திரங்களும் இந்தச் செலவைப் பெருமளவு குறைக்கும். ஆனால் அவற்றின் குழாய்களில் சிலிக்காவும் ஜிப்சமும் கல்லாகப் படியும். படிந்தால் வெப்பம் கடக்காது. நிறுத்தி, கழற்றி, சுரண்டி, மறுபடி ஓட்டுவதற்குள் ரிஜெக்ட் தொட்டி நிரம்பி வழியும். தொட்டி நிரம்பினால் முன்னால் உள்ள ஆர்.ஓ.வை நிறுத்த வேண்டும், ஆர்.ஓ. நின்றால் பட்டறையை நிறுத்த வேண்டும். பட்டறையை நிறுத்த மனமில்லாதபோது மழைநாளின் இருட்டில் கழிவு எங்கே போயிற்று என்பது நொய்யல் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மூடிய பட்டறைகள் மறுபடி திறப்பதற்கு வழிவகுத்த மாற்றத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் துணையுடன் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வழி சோதிக்கப்பட்டது. ரிஜெக்ட் முழுவதையும் ஆவியாக்குவதை விட்டுவிட்டு, அதிலுள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்புக் கரைசலாகவே சாயப்பட்டறைக்குத் திருப்பிக் கொடுப்பது. பட்டறைக்கு எப்படியும் உப்பு வேண்டும். அந்த உப்பு இங்கேயே இருக்கிறது. சோடியம் சல்பேட்டைக் குளிர வைத்தால் அது படிகமாக ஒதுங்கும் என்பதால், சாதாரண உப்புக்குப் பதில் சல்பேட் உப்புக்கு மாறிய பட்டறைகளுக்கு மீட்பு இன்னும் எளிதாயிற்று. எவாப்பரேட்டருக்குப் போகும் அளவு சுருங்கியது. தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின.

மேம்பாடு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பழுதான எவாப்பரேட்டருக்குப் பதில் இன்னும் பெரிய எவாப்பரேட்டர் வாங்கியிருக்கலாம். பல நிலையங்கள் அதைத்தான் முதலில் யோசித்தன. மூச்சுத் திணறும் இடம் எது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு வரும் சுமையைக் குறைத்ததுதான் பயன் கொடுத்தது. பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு எதற்கும் பயன்படாமல் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அடுத்து தீர்க்க வேண்டிய முடிச்சு அதுதான்.

மெம்பிரேன் சொல்லும் செய்தி

தொழிற்சாலை நிலையங்களில் பணம் அதிகம் வீணாகும் இடம் ஆர்.ஓ. கூடம். மெம்பிரேன் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்ததும் லட்சங்கள் கைமாறும். ஏன் போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோபும் சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் மெம்பிரேனில் இருந்துதான் நடைமுறை ஆர்.ஓ. பிறந்தது. அது ஓரளவு குளோரினைத் தாங்கும். இன்று எங்கும் ஓடும் பாலிஅமைடு மெம்பிரேன் குறைந்த அழுத்தத்தில் அதிக நீர் தரும், உப்பை நன்றாகத் தடுக்கும். குளோரினை மட்டும் தாங்காது. சாயக்கழிவில் நிறம் போக்கவும் பாசி தடுக்கவும் முன்னால் குளோரின் சேர்க்கும் நிலையங்கள் உண்டு. அதை முறிக்க மெட்டாபைசல்பைட் சொட்டும் ஒரு சிறிய டோசிங் பம்ப் இருக்கும். இரவு ஷிப்டில் அந்த டிரம் காலியாகி பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு ஓடினால், விலை உயர்ந்த மெம்பிரேன் வரிசையே கெட்டுப்போகும். கெட்டது கெட்டதுதான், எந்த அமிலத்தில் கழுவினாலும் திரும்பாது. டிரம்மில் ஒரு லெவல் சுவிட்சும், குளோரின் மிச்சத்தைக் காட்டும் ஒரு மீட்டரும், இரண்டையும் ஆர்.ஓ.வின் பெரிய பம்ப்புடன் இணைத்து அதை நிறுத்தும் ஒரு கம்பியும் இருந்தால் அந்த இழப்பு நேராது. இதன் செலவு அந்த மெம்பிரேன் வரிசையின் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

மெம்பிரேனுக்குள் போகும் நீர் எவ்வளவு அடைப்பை உண்டாக்கும் என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 0.45 மைக்ரான் வடிதாளில் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நீரை விட்டு, 500 மில்லிலிட்டர் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். நீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி 500 மில்லிலிட்டர் பிடிக்க வேண்டும். முதலில் 30 வினாடியும் பிறகு 60 வினாடியும் ஆனால் அடைப்புக் குறியீடு (ஓட்டம் நிமிடத்துக்குக் குறையும் சதவீதம்) 3.3. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். மூன்றுக்குள் இருந்தால் மெம்பிரேன் நிம்மதியாக வாழும். வடிதாளோடு ஒரு கடிகாரமும் ஒரு அளவு ஜாடியும் அழுத்தமானியும் இருந்தால் போதுமான இந்தச் சோதனையைத் தினமும் செய்யும் நிலையத்தில், முன்னாலுள்ள மணல் வடிகட்டியோ யு.எஃப். என்னும் மீநுண் வடிகட்டியோ பழுதாகும் செய்தி மெம்பிரேன் அடைபடுவதற்கு வெகு முன்பே கிடைத்துவிடும். வடிதாளைத் தேதி எழுதி லாக் புக்கில் ஒட்டி வைக்கும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள்களின் நிறம் மாறிவருவதைப் பார்த்தே முன்னால் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆர்.ஓ. கூடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று வெப்பநிலை சார்ந்தது. நீரின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மெம்பிரேன் தரும் நீர் ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும். சாயப்பட்டறையிலிருந்து 35 டிகிரியில் வரும் கழிவு, மார்கழிக் குளிரில் தொட்டியில் தங்கி 27 டிகிரிக்கு இறங்கினால், மெம்பிரேனில் எந்தக் கோளாறும் இல்லாமலே உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு சரியும். அடைப்பு என்று நினைத்து ஆபரேட்டர் அழுத்தத்தைக் கூட்டுவார், அல்லது தேவையில்லாமல் ரசாயனத்தில் கழுவுவார். கோடையில் இதற்கு நேர்மாறு: உண்மையிலேயே அடைப்பு இருந்தும் சூட்டினால் அளவு சரியாகத் தெரியும். ஆகவே வெப்பநிலை, அழுத்தம், உப்பளவு மூன்றையும் சேர்த்துத் திருத்திய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அப்படித் திருத்திய உற்பத்தி பத்து சதவீதம் குறைந்தாலோ, நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு பதினைந்து சதவீதம் கூடினாலோ, உப்பு தாண்டுவது பத்து சதவீதம் கூடினாலோ கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் படிவு இறுகிவிடும். பிறகு எதற்கும் கரையாது.

கழுவுவதற்கு முன் எதைக் கழுவுகிறோம் என்று தெரிய வேண்டும். குழலைத் திறந்து முதல் மெம்பிரேனையும் கடைசி மெம்பிரேனையும் வெளியே எடுத்துத் தராசில் வைத்தாலே பாதி விடை கிடைக்கும். நீர் வடிந்த எட்டு அங்குல மெம்பிரேன் புதிதில் பதினைந்து கிலோவை ஒட்டி இருக்கும். முதல் மெம்பிரேன் கனத்து, முகப்பில் வழுவழுப்பான பழுப்புப் படலமும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாவும் சாயமும். முன்சுத்திகரிப்பைப் பார்க்க வேண்டும். கடைசி மெம்பிரேன் கனத்து, வெள்ளையாகக் கரகரவென்று இருந்தால் உப்புப் படிவு. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பாருங்கள். பொங்கினால் கார்பனேட், அமிலம் கழுவிவிடும். பொங்காவிட்டால் சல்பேட்டோ சிலிக்காவோ. படிவு தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் அளவையும் மீட்பு விகிதத்தையும் திருத்த வேண்டும். சாயக்கழிவில் பொதுவாகக் காரத்தில் முதலில் கழுவி, பிறகு அமிலத்துக்குப் போவதே பாதுகாப்பு. கரிமப் படலம் இருக்கும்போது அமிலத்தை முதலில் விட்டால் அது இன்னும் கெட்டியாகிவிடும்.

திடீரென்று நல்ல நீரில் உப்பு கூடிவிட்டால் மெம்பிரேன் கிழிந்துவிட்டது என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். பல தடவை குற்றவாளி, ஒரு சின்ன ஓ-ரிங். ஒரு குழலுக்குள் ஆறு மெம்பிரேன்கள் வரிசையாக இருக்கும். நடுக்குழாய்கள் ஒன்றோடொன்று ஓ-ரிங் போட்ட இணைப்பானால் சேர்ந்திருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நடுக்குழாய்க்குள் நுழைத்து, அடிக்கு அடி நீர் எடுத்து மின்கடத்துத்திறனை அளந்துகொண்டே போனால், எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கேதான் ஓட்டை. அரைநாள் வேலை. ஓ-ரிங்கை மாற்றும்போது கிளிசரின் தடவ வேண்டும். கையில் கிடைத்த கிரீஸைத் தடவினால் அது மெம்பிரேனைக் கெடுக்கும். பம்ப்பைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மெம்பிரேன்கள் முன்னும் பின்னும் நகராதபடி முனையில் மெல்லிய வளையங்கள் போட்டு இறுக்குவதும் இதே வேலையின் பகுதி. இந்த வளையத்தைப் போட மறந்ததால்தான் ஓ-ரிங்குகள் தேய்ந்தன என்று பல இடங்களில் பிறகுதான் தெரியவரும்.

காற்றும் பாக்டீரியாவும்

மெம்பிரேனுக்கு முன்னால் இருக்கும் உயிரியல் தொட்டியில் பராமரிப்பு வேறு மாதிரி. உயிரியல் கட்டத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று ஊதும் பிளோயர்களுக்கே போகும். தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் டிஃப்யூசர்களின் நுண்துளைகள் அடைபட்டால் பிளோயர் அழுத்தம் ஏறும். கிழிந்தால் நீர்ப்பரப்பில் ஓரிடத்தில் மட்டும் பெரிய குமிழிகள் கொதிப்பதுபோல் எழும். மேலே நின்று பார்த்தாலே தெரிகிற அறிகுறி. ஆனால் அதைப் பார்க்க ஒருவர் தினமும் தொட்டி மேல் நடக்க வேண்டும்.

திருப்பூருக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனதும் பட்டறைகள் பல நாட்கள் நின்றுவிடும். கழிவு வராது, பாக்டீரியா பட்டினி கிடக்கும். திரும்பி வந்து முழு வேகத்தில் கழிவை விட்டால் தொட்டி தாங்காது, கசடு வண்டலாக இறங்காமல் மிதந்து வழியும், அது யு.எஃப். வடிகட்டியை அடைக்கும். விவரமுள்ள நிலையங்கள் விடுமுறைக்கு முன்பே சமன்படுத்தும் தொட்டியில் கழிவைத் தேக்கி வைத்துச் சிறுகச் சிறுக ஊட்டுகின்றன. வெல்லக் கரைசலும் சாணமும் போடுவதும் உண்டு. சாயக்கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவென்பதால் யூரியாவும் டி.ஏ.பி.யும் வழக்கமாகவே போட வேண்டும். ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டி நீரை எடுத்து அரை மணி நேரம் விட்டு வண்டல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் இங்கே தினசரிச் சோதனை.

சமன்படுத்தும் தொட்டி என்றேன். என்னைக் கேட்டால், பெரும்பாலான பழைய நிலையங்களுக்குத் தேவைப்படும் முதல் மேம்பாடு அதுதான். ஒரு நாள் கழிவைத் தாங்கும் அளவுக்கு அதைப் பெரிதாக்கி நன்றாகக் கலக்கிவிட்டால், பின்னால் உள்ள ஒவ்வொரு இயந்திரத்தின் சிரமமும் பாதி குறையும். சிமெண்டும் கம்பியும் மட்டும் கேட்கும் வேலை என்பதால் யாரும் இதற்குக் கண்காட்சியில் கடை போடுவதில்லை.

எதை மாற்றுவது, எதை விடுவது

மேம்பாட்டுக்கான நல்ல வாய்ப்புகள் பல நிலையத்தின் மதிலுக்கு வெளியே, பட்டறைக்குள்ளேயே இருக்கின்றன. பழைய வின்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 15 முதல் 20 லிட்டர் கரைசல் வேண்டும். சாஃப்ட்ஃப்ளோ இயந்திரத்தில் 6 முதல் 8 லிட்டர் போதும். உப்பு லிட்டர் கணக்கில் போடப்படுவதால் உப்பும் அதே விகிதத்தில் குறையும். அதிக உப்புள்ள சாயக் கரைசலைத் தனியாகவும், அலசிய நீரைத் தனியாகவும் பிரித்து அனுப்பினால் ஆர்.ஓ.வின் வேலை எளிதாகும். இவற்றை முடித்துவிட்டு அதன் பிறகு நிலையத்தின் கொள்ளளவைப் பற்றி யோசிப்பதே முறை.

பம்ப்பும் மோட்டாரும் அடுத்தது. வடிவமைப்பாளர்கள் பத்திரத்துக்காகப் பெரிய பம்ப்பைப் போடுவார்கள். ஆபரேட்டர் வால்வைப் பாதி மூடி ஓட்டுவார். அந்த மூடிய வால்வில் நாள் முழுவதும் மின்சாரம் வீணாகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போட்டு வேகத்தை இருபது சதவீதம் குறைத்தால், மின்நுகர்வு ஏறத்தாழப் பாதியாகும். சுழல் பம்ப்பின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறுவதால் வரும் ஆதாயம் இது.

ஒரு மேம்பாட்டில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அடுத்த ஐந்து வருடத்துக்கு உதிரிபாகம் யாரிடம் வாங்குவோம் என்பது. எட்டு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம் என்ற பொது அளவு இருப்பதால் ஆர்.ஓ. மெம்பிரேனை எந்தக் கம்பெனியிடமும் வாங்கலாம். யு.எஃப். மாடியூல்கள் அப்படியில்லை. ஒரு கம்பெனியின் சட்டகத்தில் இன்னொரு கம்பெனியின் மாடியூல் பொருந்தாது. அந்தக் கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால் முழு அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். நிலையத்தைத் தானாக இயக்கும் பி.எல்.சி. நிரலின் கடவுச்சொல்லைத் தரமாட்டோம் என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. ஒரு சின்ன டைமரை மாற்றவும் பொறியாளர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும். நிரலும் கடவுச்சொல்லும் வரைபடங்களும் நிலையத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

முன்சுத்திகரிப்பு சரியில்லாமல் மெம்பிரேனை மட்டும் புதிதாகப் போடுவது பணத்தைத் தண்ணீரில் விடுவதுதான். பழைய மெம்பிரேன் எதனால் போயிற்றோ அதே காரணம் புதியதையும் சில மாதங்களில் அதே நிலைக்குக் கொண்டுவரும்.

வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதாது என்பது கண்காணிப்புக் கருவிகளுக்கும் பொருந்தும். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் இணையவழிக் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் பி.எச். மீட்டரின் முனையை வாரம் ஒருமுறை துடைத்து, 4, 7, 10 கரைசல்களில் வைத்துச் சரிபார்க்காவிட்டால் திரையில் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. குழாய் நிரம்பி ஓடாத இடத்தில் பொருத்திய மின்காந்த ஓட்டமானியும் தவறாகத்தான் காட்டும். கருவி வாங்கும்போதே சரிபார்ப்புக்கு ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

சென்னையிலும் இந்தப் பாடம் விரிந்துகொண்டிருக்கிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை யு.எஃப்., ஆர்.ஓ. வழியாகச் சுத்திகரித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணலி தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் நிலையங்கள் 2019-இல் வந்தன. இங்கே கச்சாப்பொருள் ஊரின் சாக்கடை. மெம்பிரேனின் முதல் எதிரி உயிர்ப்படலம். ஒரு நாள் நிலையம் நின்றால் பல மைல் தள்ளி ஒரு கார்த் தொழிற்சாலையின் வேலை தடுமாறும் என்பதால், பராமரிப்பு இங்கே வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்காகிவிடுகிறது.

ஆட்கள்

2015 ஜனவரி 31 அதிகாலை இருட்டில் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு தேக்கிய தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உள்பட 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தங்கக் கூடாது. தங்கினால் தாங்குமா என்று சுவரைக் கணக்கிட்டிருக்க வேண்டும். பராமரிப்பு என்ற சொல்லுக்குள் மனித உயிரும் அடக்கம் என்பதை அந்த இரவை அறிந்த யாரும் மறக்க முடியாது.

தொட்டிகளுக்குள் இறங்கும் வேலையும் அதே அளவு கொடியது. கசடு தேங்கிய குழியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். செறிவு 100 பி.பி.எம். அளவை எட்டும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போய்விடும். நாற்றம் தெரியாத நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் விசிறி, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டாவது ஆள். இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக்கான மேம்பாடுகளில் முதலிடம், ஆள் இறங்கத் தேவையில்லாதபடி பம்ப்புகளை மேலிருந்தே தூக்கும் வழிகாட்டிக் கம்பிகளுக்குக் கொடுக்கப்பட வேண்டும்.

இவ்வளவையும் கவனிக்க வேண்டிய ஆபரேட்டரின் நிலை என்ன? பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நிலையத்தின் விலையோடு ஒப்பிட்டால் சொல்லக் கூசும் சம்பளம். லாக் புக்கில் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்த பிறகு, அவரும் ஷிப்ட் முடியும்போது பன்னிரண்டு மணி நேரத்து எண்களை ஒரே மூச்சில் எழுதிவைக்கிறார். நேற்று, முன்தினம், போன வாரம் என்று எல்லா நாளும் அழுத்தம் ஒரே எண்ணாக இருக்கும் லாக் புக்கைப் பார்த்தால், அங்கே பராமரிப்பு நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மேலாளர் தினமும் அதைப் படித்து, ஒரு கேள்வி எழுதி, கையெழுத்துப் போடும் நிலையத்தில் எண்கள் உண்மையாக இருக்கின்றன.

பணம் என்று வரும்போது ஒரு கசப்பான உண்மை தெரியும். நிலையம் கட்ட மானியம், கடன், திறப்பு விழா எல்லாம் கிடைக்கின்றன. ஓட்டுவதற்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று உறுப்பினர்களிடம் வசூலிக்கும் தொகைதான் ஆதாரம். ஆர்டர் குறையும் மாதங்களில் அந்த வசூலும் குறையும். முதலில் வெட்டப்படுவது உதிரிபாகச் செலவு. மாற்ற வேண்டிய 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்று விடப்படுகிறது. சில நூறு ரூபாய் மிச்சப்பட்டு, பின்னால் பல லட்சம் போகிறது.

ஆகவே நிலையம் நடத்தும் சங்கங்களுக்கும் ஆலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் கட்டணத்திலிருந்து மெம்பிரேன், டிஃப்யூசர், பம்ப் மாற்றுவதற்கென்று ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஆர்டர் குறைந்த மாதத்திலும் அதைத் தொடாதீர்கள். அடுத்த மேம்பாட்டுக்கு அரசிடமும் வங்கிகளிடமும் விண்ணப்பிக்கும்போது, திட்ட அறிக்கையுடன் கடந்த ஒரு வருட லாக் புக்கையும் இணையுங்கள். ஆபரேட்டர்களை நிரந்தரப் பணியில் வைத்து, வருடம் ஒருமுறை பயிற்சிக்கு அனுப்பி, அவர்கள் கேட்கும் சம்பளத்தைக் கொடுங்கள். வரும் பொதுக்குழுவில் இந்த மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.